மாஸ்கோ தங்கமும் மூத்தோரின் சாட்சியமும்

 

ஆண்டறிக்கை மலரில் வரவு செலவுக் கணக்கும், மதரஸா மாணவர்களின் தேர்ச்சி விவரமும், மார்க்கக் கட்டுரைகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றினிடையே ஹாக்கி விளையாட்டைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் வெளித்திண்ணையில் அமரும் நம் மூத்த ஜமாஅத்தார்கள் பேசிக்கொள்ளும் செய்திகளுள் ஹாக்கிக்குத் தனி இடம் உண்டு. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள், டன்லப் ஆலைகளிலும், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அவர்கள். அவர்தம் உரையாடலைக் கேட்கும்போது, ஒரு காலத்தின் வரலாறே நம் செவிகளில் வந்து விழுகிறது. அதை எழுதி வைக்காவிடில் அவர்களோடு அதுவும் மறைந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடந்த காலத்தை நினைவுகூர்வது வெறும் பொழுதுபோக்கன்று. கண்டதையும் கேட்டதையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் எவரும் ஒரு வகையில் சாட்சி சொல்பவரே. சாட்சியம் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பதை நாம் அறிவோம். விருப்பமானவரைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தாமலும், வெறுப்புக்குரியவரைப் பற்றிப் பேசும்போது இட்டுக்கட்டாமலும் இருப்பது எளிதன்று. ஒரு ஹாக்கி அணியின் கதை அதனை நமக்கு எவ்வாறு விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாக்கியும் நம் வட்டாரமும்

சென்னையில் ஹாக்கி வேரூன்றி நூறாண்டுகளுக்கும் மேலாகிறது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1901-ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டியே பிற்காலத்தில் முருகப்பா தங்கக் கோப்பை எனும் அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது. அக்கோப்பைக்குப் பெயரளித்த முருகப்பா குழுமத்தின் ஆலைகளில் நம் அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளின் எத்தனையோ குடும்பங்கள் உப்பிட்டு உண்டன. ரயில்வேயும், வங்கிகளும், காவல்துறையும், அரசு அலுவலகங்களும் ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்து தத்தம் அணிகளை வளர்த்தன. ஐ.சி.எஃப். அணியின் ஆட்டத்தைக் காண்பது, உடன் பணிபுரியும் தோழனின் ஆட்டத்தைக் காண்பதாகவே தொழிலாளர்களுக்கு இருந்தது.

எழும்பூர் மைதானத்தில் பெரிய ஆட்டம் என்றால், ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து நடந்தே செல்வார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பேருந்தைப் பிடிப்பார்கள். 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி பெருமாளும், கோல்காப்பாளர் முனீர் சேட்டும் இடம்பெற்றிருந்தனர். ஆகவே ஒலிம்பிக் என்பது எங்கோ தொலைவில் நடப்பதாக நம் மூத்தோருக்குத் தோன்றியதில்லை.

எனினும், அவர்களுடைய பேச்சு எங்கு தொடங்கினாலும் இறுதியில் வந்து நிற்பது ஓர் அணியிடமே. அதுதான் 1980-ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கம் வென்ற அணி.

சென்னைத் தலைவரின் அணி

அவ்வணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், நம் சென்னையைச் சேர்ந்தவர். நான்காண்டுகளுக்கு முன், 1976-இல் மாண்ட்ரியாலில் இந்தியா ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது அந்த அணியிலும் அவர் இருந்தார். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது அங்கேதான். இயற்கைப் புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக் கொண்டு வளைந்து நெளிந்து செல்வது நம்மவர்களின் கலை. செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு விரையும். உடல் வலிமையும் வேகமும் மிக்க ஐரோப்பியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் அது வாய்ப்பாகிவிட்டது. அத்தோல்வியைத் தாங்கிய ஒருவரே அடுத்த ஒலிம்பிக்கில் அணியை நடத்திச் சென்றார் என்பதை மூத்தோர் மறவாமல் குறிப்பிடுவர்.

மாஸ்கோவில் இந்தியா ஆறு ஆட்டங்கள் ஆடியது. தான்சானியாவை 18–0 எனவும், கியூபாவை 13–0 எனவும் வென்றது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2–2 எனச் சமன் செய்தது. சோவியத் அணியை 4–2 என வீழ்த்தி இறுதியாட்டத்துக்குள் நுழைந்தது. ஜூலை 29 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் ஸ்பெயினே எதிரணி. சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும், மஹாராஜ் கிருஷன் கௌஷிக் ஒன்றும் அடிக்க, இந்தியா 3–0 என முன்னிலை பெற்றது. அதன்பின் ஸ்பெயினின் ஜுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல்களைத் திருப்பியடித்தார். அத்தருணத்தில் இருபது வயதே நிரம்பிய முஹம்மது ஷாஹித் அடித்த நான்காவது கோல்தான் அணியைக் காத்தது. அமாத் மூன்றாவதும் அடித்தார். எனினும் 4–3 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று. இந்தியா வென்ற எட்டாவது ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் அது. இன்றுவரை அதுவே கடைசித் தங்கமாகவும் இருக்கிறது.

நாம் பிறந்ததே அக்காலத்தையொட்டித்தான். எனவே அந்த ஆட்டத்தை நாம் அறிந்தது மூத்தோரின் வாய்மொழியாகவே. வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று, மொழி முழுதும் விளங்காவிடினும் வர்ணனையாளரின் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கொண்டே ஆட்டத்தின் போக்கை அறிந்ததாக அவர்கள் கூறுவர்.

யார் சிறந்தவர்?

இக்கேள்வி எழுந்துவிட்டால் திண்ணையில் மஃரிப் பாங்கு சொல்லும் வரை வாதம் ஓயாது. ஒரு சாரார் ஷாஹித் என்பர். வாரணாசியில் பிறந்த அவருடைய கையில் மட்டை இருந்ததா, மந்திரக்கோல் இருந்ததா என்று வியப்பர். தள்ளுவதுபோல் தொடங்கி அடிப்பதாக முடியும் அவருடைய தனி முறையை, கையிலிருக்கும் குடையையே மட்டையாகக் கொண்டு செய்து காட்டுவோரும் உண்டு. எதிரணியினர் பந்து எங்கே போகுமென்று கணிக்குமுன் அது போய்விட்டிருக்கும்.

மற்றொரு சாரார் ஜஃபர் இக்பாலின் பெயரைச் சொல்வர். அலிகரில் வளர்ந்து பொறியியல் பயின்றவர் அவர். இடது ஓரத்தில் ஓடி ஆடுவது எத்துணைக் கடினம் என்பதை விளக்கினால்தான் அவருடைய அருமை விளங்கும். ஹாக்கி மட்டைக்குத் தட்டையான முகம் ஒரு பக்கம் மட்டுமே. வளைந்த பின்புறத்தால் பந்தை ஆடுதல் விதிமீறல். ஆகவே வலது ஓரத்திலிருந்து பந்தை நடுவுக்கு அனுப்புவது இயல்பாக வரும். இடது ஓரத்தில் விரைந்து ஓடுபவரோ, அதே வேகத்தில் உடலைத் திருப்பிப் பந்தைச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். ஜஃபர் அதனை ஓட்டம் தடைபடாமல் செய்தார். அவரும் ஷாஹிதும் ஒருவருக்கொருவர் சிறு சிறு தூரத்தில் பந்தைத் தந்து வாங்கி முன்னேறும் காட்சியே அவ்வணியின் அழகு என்று இரு சாராரும் ஒப்புவர். ஷாஹிதின் புகழில் பாதி, பந்தைச் சரியான நேரத்தில் தந்த ஜஃபருக்கும், ஜஃபரின் புகழில் பாதி ஷாஹிதுக்கும் உரியது.

வேறு சிலர் பாஸ்கரனையே முதல்வராகக் கொள்வர். நம் ஊர்க்காரர் என்ற பாசம் மட்டும் அதற்குக் காரணமன்று. பல மாநிலங்களிலிருந்தும், பல மொழிகள் பேசுவோரிடமிருந்தும் வந்த இளைஞர்களை ஓர் அணியாக இயக்கியதே அவருடைய சாதனை என்பர். அது மெய்யே. கோல்காப்பாளர் பீர் பகதூர் சேத்ரி, சிம்டேகாப் பழங்குடி மக்களின் மைந்தர் சில்வானுஸ் டுங்டுங், குடகு நாட்டு சோமையா, மும்பையின் மெர்வின் ஃபெர்னாண்டஸ், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய வீரர்கள், அவர்களோடு ஷாஹிதும் ஜஃபரும் என எல்லாரும் சேர்ந்தே தங்கம் வென்றனர்.

இங்கே நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டியுள்ளது. ஷாஹித், ஜஃபர் எனும் பெயர்களைக் கேட்டதும் நம் உள்ளம் பூரிப்பது இயல்பு. ஆனால் நம் பெயருடையோரை மட்டும் எண்ணிவிட்டு ஏனையோரை விட்டுவிடுவது பாதிச் சாட்சியமே. நம் மூத்தோரின் உரையாடலில் அக்குறை இல்லை. டுங்டுங்கின் தடுப்பாட்டத்தையும் சோதியின் கோல்களையும் அவர்கள் அதே பரிவோடு சொல்கிறார்கள். தொழிற்சாலையில் உடன் உழைத்த சகோதர சமயத்து நண்பர்களும் ஷாஹிதைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

தங்கத்தின் எடை

அந்தத் தங்கத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அவர்களுடைய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மாண்ட்ரியாலில் பதக்கம் வென்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று அணிகளுமே வரவில்லை. நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும் வரவில்லை. ஆடியவை ஆறே அணிகள். அவற்றுள் தான்சானியா, கியூபா போன்றவை ஹாக்கியில் அனுபவமற்றவை.

இதனை மறைத்துப் பெருமை பேசுவது முறையன்று. அதே வேளையில், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஐந்தாம் இடமும் இந்தியா ஆறாம் இடமும் பெற்றிருந்தன. அதாவது, இறுதியாட்டத்தில் நின்ற எதிரணி அன்று நம்மைவிட ஒரு படி மேலே இருந்த அணி. மேலும், செயற்கைத் தரையில் இந்தியா வென்ற ஒரே ஒலிம்பிக் தங்கம் இதுவே. வராதவர்களோடு ஆடி வெல்வது எவராலும் இயலாது. வந்தவர்களை அவர்கள் வென்றார்கள். தங்கத்தின் எடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதென்றால் இவ்வளவே சொல்லலாம். மூத்தோருள் நிதானமானவர்கள் இவ்வாறே சொல்கின்றனர். அவர்களுடைய பாசம் அதனால் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

ஒரு கோல்காப்பாளர் மீது விழுந்த பழி

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். வண்ணத் தொலைக்காட்சி நாட்டுக்கு வந்த நேரம். ஜஃபர் இக்பால் அணித்தலைவர். ஷாஹிதும் அணியில் இருந்தார். டிசம்பர் 1 அன்று இறுதியாட்டத்தில் பாகிஸ்தானைச் சந்தித்தது இந்தியா. முதல் கோலை நம்மவர்களே அடித்தனர். அதன்பின் பாகிஸ்தான் ஏழு கோல்கள் அடித்தது. 7–1 எனும் அத்தோல்வி நாட்டையே உலுக்கிற்று.

கோல்காப்பாளராக நின்றவர் மீர் ரஞ்சன் நெகி. பணம் பெற்றுக்கொண்டு கோல்களை விட்டுவிட்டார் என்று அவர்மீது பழி சுமத்தப்பட்டது. எவ்வித ஆதாரமும் இல்லை. கோல்காப்பாளரிடம் பந்து வந்து சேருமுன் அது மற்றப் பத்துப் பேரையும் கடந்தே வர வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. இந்நாட்டுக்காக ஆடியவர் துரோகி என ஏசப்பட்டு, பல்லாண்டுகள் ஹாக்கியைவிட்டே விலகி வாழ நேர்ந்தது.

அதே தில்லிப் போட்டிகளில் எலைசா நெல்சன் தலைமையில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. அதனை இன்று நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? தோல்வியைப் பற்றிய அவதூறு நாற்பதாண்டுகள் வாழ்கிறது; அதே களத்தில் கிட்டிய வெற்றியோ நாற்பது நாள்களில் மறக்கப்பட்டுவிடுகிறது. மனித நினைவின் கோணல் இத்தகையது.

ஜமாஅத்தார்களே! இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பாகிஸ்தானுடன் ஆட்டம் என்றாலே, நம் சமுதாயத்தாரை நோக்கி ஐயத்தோடு ஒரு பார்வை வீசப்படுவதை மூத்தோர் அறிவர். தேநீர்க்கடையில் கேலியாகவும், பணியிடத்தில் குத்தலாகவும் அது வரும். செய்யாத குற்றத்துக்காகச் சந்தேகிக்கப்படுவதன் வலி நமக்குப் புதிதன்று. ஆகவே, நெகியின் வலியை எவரையும்விட நாமே நன்கு உணரக்கூடியவர்கள். அவர் நம் சமயத்தவர் அல்லர் என்பது இங்கே பொருட்டன்று. நம்மீது வீசப்படும்போது அவதூறாகவும், பிறர்மீது வீசப்படும்போது சுவையான செய்தியாகவும் ஒரே சொல் இருக்க முடியாது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின்

1998-இல் பாங்காக் ஆசியப் போட்டிகள். அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனே அருகிலுள்ள கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பயிற்சியாளர், மாஸ்கோவில் கோல் அடித்த அதே கௌஷிக். நடுக்களத்தில் நம் சென்னையின் முஹம்மது ரியாஸ். அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரைச் சேர்ந்தது. கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? மீர் ரஞ்சன் நெகி!

இறுதியாட்டத்தில் தென்கொரியாவுடன் சமநிலை ஏற்பட்டு, வெற்றி தோல்வி டைபிரேக்கருக்குச் சென்றது. அங்கே எல்லாப் பொறுப்பும் கோல்காப்பாளர் மீதே. ஆசிஷ் பல்லால் கொரியரின் பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்து இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். 1966-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து வந்த ஆசியத் தங்கம் அது. எந்த இடத்தில் நின்றதற்காக ஒருவர் பழிக்கப்பட்டாரோ, அதே இடத்தில் நின்ற மற்றொருவரைத் தயார்படுத்திய பணியில் அவருக்கும் பங்கு கிட்டியது. 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் பயிற்சிக் குழுவிலும் நெகி இருந்தார்.

ஆனால் பாங்காக்கில் வென்ற அணிக்கும் நன்றி கிட்டவில்லை. சில நாள்களிலேயே தன்ராஜ் உள்ளிட்ட மூத்த ஆட்டக்காரர்கள் சிலரும், பயிற்சியாளர் கௌஷிக்கும் ஒதுக்கப்பட்டனர். தோற்றவரை ஏசுவதும் வென்றவரை மறப்பதும் ஒரே நோயின் இரு குணங்கள் போலும்.

தோல்வியிலும் மாறாத பாசம்

மூத்தோரிடம் நாம் கண்டு வியந்த ஒரு பண்பைச் சொல்லியாக வேண்டும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜஃபர் தலைமையிலான அணி ஐந்தாம் இடமே பெற்றது. 1986-இல் லண்டன் உலகக் கோப்பையில் ஷாஹித் தலைமையிலான அணி பன்னிரண்டு அணிகளுள் கடைசியாக வந்தது. இவற்றை அவர்கள் மறைப்பதில்லை. கேட்டால் முழுவதும் சொல்வார்கள். சொல்லி முடித்துவிட்டு, மீண்டும் ஷாஹிதின் ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். குறையை அறிந்தும் குறையாத அன்பு அது.

மர்ஹூம் முஹம்மது ஷாஹித் 2016-ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று தம் ஐம்பத்தாறாம் வயதில் காலமானார். ரயில்வே ஊழியராகவே வாரணாசியில் வாழ்ந்தவர் அவர். ஐ.சி.எஃப். தொழிலாளருக்கு அவர்மீது கூடுதல் உரிமை தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் 2021-இல் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை நம் மஹல்லாவிலும் துயரத்தை விதைத்த அந்த மே மாதத்தில், எட்டாம் தேதியன்று, கௌஷிக்கும் அவருடைய மாஸ்கோ தோழர் ரவீந்தர் பால் சிங்கும் ஒரே நாளில் அத்தொற்றுக்கு இரையாயினர். ஒரே அணியில் ஆடி ஒரே தங்கத்தைப் பகிர்ந்தவர்கள், வெவ்வேறு ஊர்களில் ஒரே நாளில் விடைபெற்றனர்.

செய்ய வேண்டியது

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் இன்றும் வெறுமையாகிவிடவில்லை. 2007-இல் தென்கொரியாவை 7–2 என வென்று இந்தியா ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியது அங்கேதான். 2023 ஆகஸ்டில் மலேசியாவை 4–3 என வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைப் பெற்றதும் அங்கேதான். அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம் அவ்வணியில் ஆடினார். டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியா வெண்கலம் வென்றது. நம் இளைஞர்களுக்கும் விருப்பமான ஆட்டக்காரர்கள் உருவாகி வருகின்றனர்.

அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. ஆட்டம் முடிந்த அடுத்த நொடியே கைப்பேசியில் தீர்ப்பெழுதிவிடும் காலம் இது. ஒரு பந்தைத் தவறவிட்டவரைத் துரோகியென எழுதி நூறு பேருக்கு அனுப்ப ஒரு விரலசைவு போதும். அனுப்பும் முன் நெகியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்மீது விழுந்த பழியைத் துடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. எல்லாருக்கும் அத்தகைய வாய்ப்பு அமைவதில்லை.

மூத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நினைவுகளைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, எழுதி வைக்கச் சொல்லுங்கள். யார் எப்படி ஆடினார், எந்த ஆட்டத்தை எவரோடு சென்று கண்டீர்கள், வென்ற அன்றும் தோற்ற அன்றும் தொழிற்சாலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என யாவற்றையும் சொல்லுங்கள். பிடித்தவரின் குறையையும், பிடிக்காதவரின் நிறையையும் சேர்த்தே சொல்லுங்கள். அவ்வாறு எழுதித் தரப்படுவனவற்றை அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறச் செய்யுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் நாவுகளை அவதூறிலிருந்து காத்து, கண்டதைக் கண்டவாறு சொல்லும் நேர்மையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.